தாடை சிறுத்த குழந்தைக்கு மயக்க மருந்து: டாக்டரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: என் 10 மாத மகனுக்கு பியர் ராபின் பிரச்சினை, பிறவியிலேயே கீழ்த்தாடை சிறுத்திருக்கிறது. அன்னப்பிளவு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். "மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவது சிரமமாக இருக்கும்" என்று மயக்க டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முன்னாலேயே சொன்னாரே, அது நல்ல டாக்டரின் அடையாளம். தெரிந்த சிரமத்துக்குத் தயாராகிவிடலாம்.

இந்தக் குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை உள்வாங்கியிருப்பதால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கப் பார்க்கும். விழித்திருக்கையில் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மயக்கத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். கூடவே, கைக்குழந்தை கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட இரு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கும், நுரையீரலில் கையிருப்போ குறைவு. மூச்சு தடைப்பட்டால் சீக்கிரமே நீலம் பாரித்துவிடும். ஆக, ட்யூப் போகவில்லை என்பதைவிட ஆக்சிஜன் போகவில்லை என்பதுதான் ஆபத்து. அதனால் பெரும்பாலும் மாஸ்க் வழியே செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்து, குழந்தை தானாக மூச்சுவிட்டபடியே இருக்க, மூக்கில் ஆக்சிஜனை ஓடவிட்டு, வீடியோ லாரிங்கோஸ்கோப்பில், அதாவது தொண்டைக்குள் பார்க்கும் கேமராக் கருவியில், மூச்சுக்குழாயின் வாயைப் பார்ப்போம். தெரியவில்லையா, தொண்டையில் எல்எம்ஏ என்ற மெத்தென்ற மாஸ்க்கை வைத்து அதன் வழியே மூச்சு கொடுத்துக்கொண்டே ஃபைபர் ஸ்கோப் என்ற வளையும் மெல்லிய கேமராக் கருவியால் ட்யூபை இறக்குவோம்.

அமெரிக்காவில் 13 குழந்தைகள் மருத்துவமனைகளின் தகவலைத் தொகுத்து 2016-ல் வந்த ஆய்வு, ட்யூப் போடும் முயற்சி இரண்டுக்கு மேல் போகப் போகச் சிக்கல் கூடுவதைக் காட்டியது. அதனால் நேராகவே கேளுங்கள்: "முதல் தடவை போகவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?" பதில் தயங்காமல் வர வேண்டும். இவன் எடைக்கேற்ற லாரிங்கோஸ்கோப் பிளேடு (நாக்கை விலக்கிப் பிடிக்கும் தகடு) இருக்கிறதா, காது மூக்கு தொண்டை சர்ஜன் பக்கத்திலேயே இருப்பாரா, குழந்தைகள் ஐசியு உண்டா என்பதையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் மழுப்பலாக இருந்தால் பெரிய சென்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அன்னப்பிளவு அவசர ஆபரேஷன் இல்லை.

உங்கள் பங்கும் உண்டு. குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, குப்புறப் படுத்தால்தான் நிம்மதியாகத் தூங்குகிறானா? போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், தேதி தள்ளிப்போனால் போகட்டும். வெறும் வயிறு விஷயத்தில், பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரம், பவுடர் பால் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். "பாவம், அழுகிறானே" என்று பாட்டி ஒரு வாய் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் நாக்கும் தொண்டையும் வீங்கலாம், அன்று இரவு கண்காணிப்பு கட்டாயம். அப்புறம், எந்த பிளேடு, எந்த அளவு ட்யூப், எந்த முறையில் போனது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த ஆபரேஷனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் மயக்க டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.