பார்வோன் ஓய்வு தருவதில்லை

வாசகர் கேள்வி – பதில்
(பதில் அளிப்பவர்: சபைப் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஐயா, முதலில் அப்பாவின் கண்டிப்பு, பிறகு கணவர் வீட்டாரின் கண்டிப்பு என்றே என் காலம் போனது. இப்போதுதான் சொந்தச் சம்பளம், சொந்த முடிவு என்று மூச்சு விடுகிறேன். சபையிலோ, "தேவனுக்கு ஊழியம் செய்வதே மெய்யான விடுதலை" என்கிறார்கள். ஒரு எஜமானிடமிருந்து தப்பி இன்னொரு எஜமானிடம் போய்ச் சேர்வதா விடுதலை?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஞானஸ்நானத்துக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நல்லது.

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த எபிரெயருக்கு, அதாவது இஸ்ரவேலருக்கு, செங்கல் செய்ய வைக்கோல் கொடுப்பதை அந்நாட்டு ராஜாவான பார்வோன் நிறுத்திவிடுகிறான். ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக் கூடாது. ஜனங்கள் தேசமெங்கும் அலைந்து தாளடி பொறுக்குகிறார்கள். கணக்கு குறைந்ததும் அடி விழுகிறது. அதுவும் எபிரெயரிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள் மேல். அவர்கள் போய் முறையிட்டால், "சோம்பேறிகள்! அதனால்தான் கடவுளுக்குப் பலியிடப் போக வேண்டும் என்கிறீர்கள்" என்று பதில் வருகிறது. இந்தக் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அதே ஜனங்கள் வெளியே வந்த பிறகு கடவுள் இட்ட கட்டளைகளில் ஒன்று, ஏழாம் நாளில் வேலையை நிறுத்து என்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும், ஏனென்றால் நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்று உபாகமம் காரணமும் சொல்கிறது. ஒருவன் ஓய்வு கேட்டதற்கு அடிக்கிறான். இன்னொருவர் ஓய்வெடு என்று கட்டளையிடுகிறார். இருவரையும் எஜமான் என்ற ஒரே பட்டியலில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை.

அடுத்தது, தெரிந்தெடுப்பது. பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஓர் உதாரணம் உண்டு: ஏழாம் வருஷத்தில் விடுதலையாக வேண்டிய அடிமை, "என் எஜமானை நேசிக்கிறேன், போக மாட்டேன்" என்று சொன்னால், அவனைக் கதவருகே நிறுத்திக் காதைக் கம்பியால் குத்துவார்கள். மனமுவந்த ஊழியத்துக்கு அழகான அடையாளம் என்பார்கள். நான் அதைப் பயன்படுத்துவதில்லை. முந்தின வசனத்தையும் படித்துப் பாருங்கள். எஜமான் அவனுக்குக் கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். அவன் மட்டும் தனியாகப் போக வேண்டும். பெண்டாட்டி பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இருக்கிறாயா, போகிறாயா?" என்று கேட்பது என்ன கேள்வி?

இயேசு கேட்ட விதம் வேறு. சீஷரில் பலர் பின்வாங்கிப் போனபோது, மிஞ்சிய பன்னிருவரையும் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ?" என்று கேட்டார். துக்கத்தோடு திரும்பிப் போன பணக்காரனை அவர் துரத்திக்கொண்டு ஓடவில்லை. இஸ்ரவேலரின் தலைவரான யோசுவாவோ, "கர்த்தரையே சேவிப்போம்" என்று ஜனங்கள் உற்சாகமாகச் சொன்னபோது, "உங்களால் முடியாது" என்று தடுத்தே பார்த்தார். ஆள் சேர்ப்பவர் பேசுகிற பேச்சா இது? உங்களை அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, இதில் விடுதலை எங்கே என்பீர்கள். எங்கள் சபையில் கணக்கராக வேலை பார்த்த ஒரு பெண்மணி இருந்தார். மேலதிகாரி ஒரு ரசீதை நீட்டி, தேதியை மாற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் பேனாவை மூடி ரசீதின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமாகத் தள்ளினார். "முடியாது, ஐயா." பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. "பயமாக இல்லையா?" என்று பிற்பாடு கேட்டேன். "இருந்தது. ஆனால் நான் கணக்குக் காட்ட வேண்டியவர் அவரில்லையே" என்றார்.

எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவுக்குக் கீழ்ப்படியாத இரண்டு மருத்துவச்சிகளின் துணிச்சலும் இதுதான். வேதம் அவர்களைச் சிப்பிராள், பூவாள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த ராஜாவின் பெயரை எழுதவே இல்லை.

இன்னொன்று. தேவனுக்கு அடிமை என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தில் எழுதும் பவுலே, உங்கள் பலவீனத்துக்காக மனுஷர் பேசுகிற முறையில் பேசுகிறேன் என்று நடுவில் சொல்லிக்கொள்கிறார். அந்த ஒப்பீட்டின் எல்லை அவருக்குத் தெரியும். இயேசுவும், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்றேன் என்கிறார்.

கேள்வி: வாரம் முழுவதும் மாலையில் சபை வேலை. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, நாற்காலி அடுக்குவது வரை நான்தான். முடியவில்லை என்றால், "தேவனுக்கே முடியாது என்கிறாயா?" என்கிறார் போதகர். என்ன செய்ய?
– ஓர் இளைஞர்

பதில்: தம்பி, மேலே உள்ள பதிலில் வைக்கோல் கதையை மறுபடி படியுங்கள்.

இஸ்ரவேலர் என் ஊழியக்காரர், ஆகையால் அவர்களை அடிமைகளாக விற்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 25. கடவுளுக்குச் சொந்தமான ஒருவனை வேறு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, போதகரும்தான். பவுல் இன்னும் நேரடியாக எழுதினார்: "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்."

இது எவ்வளவு வீரியமுள்ள பேச்சு என்பது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமத் தொகுப்பை அச்சிட்டார்கள். அதில் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதை இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடு இல்லை என்ற கலாத்தியர் வசனமும் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியோ அப்படியே இருந்தது. வேதத்தில் பாதியை மட்டும் வாசிப்பது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. எந்த வேலையை மனமகிழ்ச்சியோடு செய்கிறீர்களோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை இந்த மாதக் கடைசியோடு விட்டுவிடுவதாகப் போதகரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். "களைப்பாக இருக்கிறது" என்றே சொல்லலாம், வேறு காரணம் தேட வேண்டாம். அவர் வருத்தப்பட்டால் பரவாயில்லை, அவரும் மனிதர்தான். சபித்தால், வேறு சபை பாருங்கள்.

கேள்வி: என் நண்பனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடி, கடன், பொய் எதுவும் இல்லாமல் நிம்மதியாக வாழ்கிறான். "நீ பாவத்துக்கு அடிமை" என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லாதீர்கள். இயேசுவால் பார்வை பெற்ற குருடனை, பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் துருவித் துருவிக் கேட்டபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்றான். அவர்களுடைய கண்ணைப் பற்றி அவன் பேசவில்லை. உங்களை எதிலிருந்து கடவுள் விடுவித்தார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் நண்பனோடு பேச வேறு எத்தனையோ விஷயம் இருக்கிறது.