வெந்நீரில் வாழும் உயிர்கள்: வாசகர் கேள்வி பதில்

வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஆய்வு மாணவர்களின் கடிதங்கள். இதே துறையில் பாடம் நடத்தி, ஆய்வகமும் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி.யில் சேர்ந்திருக்கிறேன். வெந்நீர் ஊற்று பாக்டீரியாவின் புரதங்கள்தான் தலைப்பு. "இதைப் படித்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது மேடம்?
*ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை*

கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சோதனை நடக்கக் காரணமான நொதியின் பூர்வீகம் ஒரு வெந்நீர் ஊற்று. அதிலிருந்தே தொடங்குங்கள்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் மஷ்ரூம் ஸ்பிரிங் என்றொரு ஊற்று இருக்கிறது. 1966-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக்கும், அவரிடம் இளநிலை படித்துக்கொண்டிருந்த ஹட்சன் ஃப்ரீஸும் அங்கே எடுத்த மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். அதற்கு 70 டிகிரிதான் சொகுசு. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இவ்வளவு சூட்டில் எந்த உயிர் எப்படி வாழ்கிறது என்பதுதான் பிராக்கின் கேள்வி. மருந்து, வணிகம் எதுவும் அவர் மனதில் இல்லை.

அப்புறம் 1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் என்ற மாணவி, ஜான் ட்ரெலாவின் ஆய்வகத்தில், அதே பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியைப் பிரித்தெடுத்தார். அது 80 டிகிரியில் நன்றாக வேலை செய்தது. அதுவும் ஒரு ஓரத்தில் கிடந்தது. 1983-இல் கேரி முல்லிஸுக்கு பி.சி.ஆர். யோசனை வந்தது, அதாவது ஒரு டி.என்.ஏ. துண்டைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் முறை. அதில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அப்போது கையில் இருந்த, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டில் செத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புதிதாக நொதி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சியென் பிரித்த நொதி வந்த பிறகுதான் மூடியை மூடிவிட்டுப் போய் வேறு வேலை பார்க்க முடிந்தது. முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் ஃப்ரீஸும் சியெனும் மாணவர்கள். உங்கள் வயதுக்காரர்கள். இதை வீட்டில் சொல்லுங்கள்.

முட்டை வெள்ளைக்கரு வெந்நீரில் கெட்டியாகிவிடுகிறது. இந்த பாக்டீரியாக்களின் புரதம் மட்டும் ஏன் வேகவில்லை? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
*அறிவியல் ஆசிரியர், விருதுநகர்*

இரண்டிலும் இருப்பவை அதே 20 அமினோ அமிலங்கள்தான். வித்தியாசம் எல்லாம் அவற்றின் வரிசையிலும் மடிப்பிலும் இருக்கிறது. புரதம் என்பது நீளமான சங்கிலி. தண்ணீர் பிடிக்காத பகுதிகளை உள்ளே ஒளித்துவைத்து மடிந்து கிடக்கும். சூடு ஏறினால் மடிப்பு அவிழும், ஒளிந்திருந்தவை வெளியே வரும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்கரு வெளுத்துக் கெட்டியாவது இதனால்தான்.

வெப்ப உயிர்களின் புரதங்களுக்கு இதைத் தடுக்கத் தனி மந்திரம் ஏதும் இல்லை. மாணவர்கள் இதைக் கேட்டு முதலில் ஏமாந்துபோவார்கள், பிறகு ஆர்வமாகிவிடுவார்கள். சின்னச் சின்னத் திருத்தங்கள் சேர்ந்துதான் காரியம் நடக்கிறது. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கொண்ட அமிலங்கள் எதிரெதிரே அமர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. இதன் முக்கியத்துவத்தை 1975-இலேயே மாக்ஸ் பெரூட்ஸ் சுட்டிக்காட்டினார். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற உயிர் 100 டிகிரியில் வளர்கிறது. அதன் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதியில் இந்தப் பிடிப்புகள் ஒரு வலைபோல் பரவியிருப்பதை 1995-இல் பார்த்தார்கள். இது தவிர உட்புறம் இடைவெளி இல்லாமல் நெருங்கியிருக்கும், வெளியே தொங்கும் வளையங்கள் குட்டையாக இருக்கும், சூட்டில் தானாகச் சிதையும் ஆஸ்பராஜின் குறைவாக இருக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அவ்வளவு இறுக்கமான நொதி நம் அறை வெப்பத்தில் விறைத்துப்போய் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

இந்த உறுதி நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் கைகொடுத்த கதை உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பாதியின் வடிவத்தை 2000-இல் கண்டறிந்தார். அதற்கு எடுத்துக்கொண்டது தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெந்நீர் பாக்டீரியாவின் ரைபோசோம். 2009 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாக்டீரியாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈ.கோலையில் ஜீனை வைத்து நொதியை உற்பத்தி செய்துவிட்டேன். 70 டிகிரியில் செயல்பாட்டை அளந்தால் ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி வருகிறது. நொதியே சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது.
*முதலாண்டு ஆய்வு மாணவர், கோவை*

நொதியைச் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டிரிஸ் பஃபர் (அமில, கார அளவான பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்), நைட்ரோபீனால் சேர்ந்த சேர்மம் (நொதி உடைத்தால் மஞ்சளாகும்) இரண்டையும் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். என் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரமே உட்காரவைத்து டிரிஸைப் பற்றித்தான் பேசுவேன்.

டிரிஸின் பி.எச். ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.03 குறையும். 25 டிகிரியில் 8.0 என்று சரிபார்த்து வைத்த பஃபர் 70 டிகிரியில் 6.7 பக்கம் வந்து நிற்கும். நீங்கள் 8 என்று நோட்டில் எழுதியிருப்பீர்கள், நொதி வேலை செய்வது 6.7-இல். பி.எச். மீட்டரில் வெப்ப ஈடு இருக்கிறதே என்று சொல்வார்கள். அது மின்முனையின் அளவீட்டைத்தான் திருத்தும், பஃபரின் மாற்றத்தைத் திருத்தாது. 70 டிகிரியில் 7 வேண்டுமென்றால் அறை வெப்பத்தில் 8.3-க்கு வைக்க வேண்டும். 70 டிகிரியில் 8-ஏ வேண்டுமென்றால் டிரிஸை விட்டுவிடுங்கள், அங்கே அது நன்றாகத் தாங்காது. பாஸ்ஃபேட் சூட்டுக்கு அதிகம் அசையாது. ஆனால் உங்கள் நொதிக்கு கால்சியம் தேவையென்றால் பாஸ்ஃபேட் அதைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். ஹெப்பெஸ் என்ற பஃபர், சூட்டுக்கு அசைவதில் டிரிஸுக்கும் பாஸ்ஃபேட்டுக்கும் நடுவில்.

அடுத்தது நைட்ரோபீனால். அதன் மஞ்சள் நிறம் பி.எச்.சைப் பொறுத்தது. 7-ஐச் சுற்றி, சிறிய மாற்றத்துக்கே நிறம் வெகுவாக மாறும். நீங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் நொதி என்றால் சோடியம் கார்பனேட் என்ற காரத்தை ஊற்றி நிறுத்திவிட்டு, குளிர்ந்த பின் அளக்கலாம். பக்கத்து மேசை நண்பருக்குக் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதி என்றால் இந்த வழி உதவாது. அதற்குப் பயன்படும் எஸ்டர் சேர்மங்கள் காரத்தில் தாமாகவே உடையும். சூட்டிலும் உடையும். எந்த நொதியானாலும், நொதி சேர்க்காத குழாய் ஒன்று அதே சூட்டில், அதே நேரம், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, குழாயின் உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி? தண்ணீர்த் தொட்டியின் திரையில் 70 என்று காட்டலாம். குழாய்க்குள் இருக்கும் திரவம் அங்கே போய்ச் சேர நேரமாகும். ஒரு காலிக் குழாயில் பஃபரை ஊற்றி, வெப்பம் அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து மூடியின் உட்புறத்தையும் பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அவ்வளவு தண்ணீர் கீழே குறைந்திருக்கிறது, உங்கள் செறிவுகள் எல்லாம் ஏறியிருக்கின்றன. பி.சி.ஆர். இயந்திரத்தின் மூடி சூடாக இருக்கும் என்பதால் குழாய்களைச் சூட்டில் வைக்க அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் செய்தோம்.

இத்தனையும் சரியென்றால் நொதிக்கு வாருங்கள். ஈ.கோலை 37 டிகிரியில் செய்து தந்த சில வெப்பப் புரதங்கள் அரைகுறையாக மடிந்திருக்கும். சற்றுச் சூடாக்கிய பிறகே உயிர் வரும். நீங்கள் சுத்திகரிக்கும்போது 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஈ.கோலைப் புரதங்கள் வெள்ளையாகத் திரிந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுப்பீர்களே, அந்தப் படிக்கு முன்பும் பின்பும் செயல்பாட்டை அளந்து ஒப்பிடுங்கள்.

எங்கள் கன்னியா வெந்நீர் ஊற்றுத் தண்ணீரை இந்த ஆய்வுக்குப் பாவிக்கலாமா? வேறு நாட்டுக்குப் போகத்தான் வேணுமா?
*விஞ்ஞானப் பட்டதாரி, திருகோணமலை*

கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் கை பொறுக்கும் சூடுதான். 40 டிகிரியை ஒட்டியது. வெப்பம் விரும்பும் உயிர்களுக்கு அது பத்தாது. அங்கே பார்க்க வேறு நல்ல கேள்விகள் உண்டு, ஆனால் நீங்கள் தேடுவது அங்கே அதிகம் கிடைக்காது.

அதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. இலை தழை மக்கும் உரக்குவியலைத் தேடுங்கள். நன்றாகப் புரட்டி ஈரம் குறையாமல் வைத்த குவியலின் நடுவில் 60, சில வேளை 70 டிகிரி வரை ஏறும். நீண்ட காம்புள்ள வெப்பமானியை நடுவில் செருகிப் பார்த்துவிட்டு அங்கிருந்து எடுங்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தார் இலை, கிளை மக்கிய உரத்திலிருந்து டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரித்து, அதில் கிடைத்த கியூட்டினேஸ் நொதி ஒன்றை 2012-இல் வெளியிட்டார்கள். அது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை உடைக்கும். பெட் 70 டிகிரியை நெருங்கும்போதுதான் இளகி இடம் கொடுக்கும் என்பதால் வெப்பம் தாங்கும் நொதிக்கு இங்கே மவுசு. துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் அதே நொதியைத் திருத்தி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட்டை உடைத்துக் காட்டினார்கள். அது 2020-இல். தொடக்கம் ஒரு குப்பைமேடு.

வளர்ப்பதற்கு ஒரு குறிப்பு. 60 டிகிரியில் அகார் பிளேட் ஒரே இரவில் அப்பளம்போல் காய்ந்துவிடும். அகாரைக் கூட்டி ஊற்றி, பிளேட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் ஈரத்துணியோடு கட்டி வையுங்கள். 70-க்கு மேல் போனால் அகாருக்குப் பதில் கெல்லன் கம் வாங்குங்கள்.

எத்தனை டிகிரி வரை உயிர் வாழும்?
*பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்*

இதுவரை அறிந்ததில் 122. ஜப்பானின் கென் தகாயும் குழுவினரும் 2008-இல் அறிவித்தார்கள். உயிரின் பெயர் மெத்தனோபைரஸ் காண்ட்லேரி. கிடைத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள கைரேய் என்ற கடலடி வெந்நீர் வாய். ஆழத்தின் அழுத்தத்தைச் செயற்கையாகக் கொடுத்துத்தான் ஆய்வகத்தில் அந்தச் சூட்டில் வளர்த்தார்கள்.

ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் புரதத்தின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. இனி எங்களுக்கு என்ன வேலை?
*ஆய்வு மாணவர், வேலூர்*

வடிவத்தைச் சொல்லும். எத்தனை டிகிரியில் அவிழும், 70-இல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லாது. அதை அளக்க நீங்கள் வேண்டும்.

புதிய சிற்றினம் போலத் தெரியும் ஒரு பாக்டீரியா கையில் இருக்கிறது. கட்டுரை எழுதத் தொடங்கலாமா?
*மூன்றாமாண்டு ஆய்வு மாணவி, சென்னை*

எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்பே கல்ச்சரை எங்கே ஒப்படைப்பது என்று முடிவு செய்யுங்கள். பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் இரண்டு வேறு நாடுகளிலுள்ள பொதுச் சேகரிப்பு மையங்களில் அந்த உயிர் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே சண்டிகரிலும் புணேயிலும் மையங்கள் உள்ளன. வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் கீழ் வரும். அதைக் கவனிக்கும் தேசிய ஆணையம் உங்கள் ஊரிலேயே, தரமணியில் இருக்கிறது. கட்டுரை தயாரான பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் நீங்கள் காத்துக்கிடக்க நேரும். கைடிடம் இந்த வாரமே பேசுங்கள்.

இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். பிராக் தன் பாக்டீரியாவை அமெரிக்க சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்திருந்தார். அதனால்தான் பிற்காலத்தில் முல்லிஸ் பணியாற்றிய சீட்டஸ் நிறுவனம் அதை வாங்கிப் பயன்படுத்த முடிந்தது. அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நொதி ஈட்டிய பெரும் பணத்தில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் சட்டம் போன்றவை எதற்கு என்பது இதிலிருந்து புரியும்.

வெந்நீர் ஊற்று பாக்டீரியாவில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியைத் தேடி, பி.எச்., வெப்பம் சரிபார்த்து ஒரு கட்டுரை போடச் சொல்கிறார்கள். இது போதுமா?
*ஆய்வு மாணவர், சேலம்*

போதாது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் திறமையான பிள்ளைகளின் மூன்று, நான்கு வருடம் இப்படிப் போவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். ஊற்றின் பெயரையும் பாக்டீரியாவின் பெயரையும் மாற்றினால் அதே கட்டுரை ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது.

உங்கள் அமைலேஸையே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். சாதாரண வெப்பத்தில் வேலை செய்யும் அதன் உறவு நொதி ஒன்றின் அமினோ அமில வரிசையை எடுத்து ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசம்? அதில் எந்த மாற்றம் உறுதியைத் தருகிறது என்று ஊகித்து, அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றி, மாற்றிய நொதி எத்தனை டிகிரியில் அவிழ்கிறது என்று அளந்து பாருங்கள். கால்சியத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். புரதங்களில் ஒவ்வொரு மாற்றமும் உறுதியை எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்ற அளவீடுகளைத் திரட்டிய புரோதெர்ம் என்ற தரவுத்தளம் 1999 முதல் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் குரோமிகா சென்னை ஐ.ஐ.டி.யில்தான் பணியாற்றுகிறார். உங்கள் ஊகம் ஏற்கெனவே யாராவது பார்த்ததா என்று அங்கே முதலில் தேடுங்கள். கைடு மறுத்தால், அவர் கேட்ட கட்டுரைக்கான அளவீடுகளோடு இதையும் ஒரு சிறு பகுதியாகச் செய்துகாட்ட அனுமதி கேளுங்கள்.

அடுத்த இதழில் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்கள். கேள்விகளை இம்மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். தூத்துக்குடிக்காரர்கள் உப்புப் பாத்தியின் நிறம் மாறும் மாதத்தையும் குறிப்பிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.