ஆசிய விளையாட்டில் அதிகப் பதக்கம் வாங்கிய நாடு பட்டியலில் ஏன் கீழே இருக்கிறது?

2023 அக்டோபரில் இதே கேள்வியை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். ஹாங்சோ போட்டி நடந்தபோது வாசகசாலைக் கரும்பலகையில் தினமும் பதக்கக் கணக்கு எழுதியது நான்தான். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எழுதியதில் இந்தியா வரி மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

கடைசி நாள் எழுதி முடித்ததும், "ஏன் தம்பி, கொரியாவுக்கு 190, ஜப்பானுக்கு 188. கொரியாவ எதுக்குக் கீழ எழுதி வச்சிருக்கே?" என்றார்.

வரிசை தங்கத்தை வைத்து. ஜப்பானுக்கு 52 தங்கம், தென்கொரியாவுக்கு 42. தங்கம் சமமானால் வெள்ளி, அதுவும் சமமானால் வெண்கலம் பார்ப்பார்கள். மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை. அது சரிதான் என்பேன். குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தத்தில் ஒரு எடைப்பிரிவுக்கு இரண்டு வெண்கலம் உண்டு. மொத்தம் அங்கேயே ஏறிவிடும்.

ஆனால் 1986 சியோல் பட்டியலைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. ஈரான் மொத்தம் 22 பதக்கம், நான்காவது இடம். இந்தியா 37, ஐந்தாவது. அவர்களுக்கு 6 தங்கம், நமக்கு 5. அந்த ஐந்தில் ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங் வாங்கியது. மீதி நான்கிலும் பி.டி. உஷா இருக்கிறார்: 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம். 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்த, உஷாவுக்கு வெள்ளி. அந்த ஒன்றும் தங்கமாகியிருந்தால் தங்கம் ஆறுக்கு ஆறு, வெள்ளி நமக்கு 8, ஈரானுக்கு 6. நான்காவது இடம் நமக்கு! இதைப் பலகை ஓரத்தில் போட்டுக் காட்டியபோது பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடர் ஓட்டத்தில் நான்கு பேர் ஓடி வென்றாலும் பட்டியலில் ஏறுவது ஒரே தங்கம். ஹாங்சோவில் ஆண்கள் 4x400 ஜெயித்த அன்று நானும் ஒன்றைத்தான் கூட்டினேன். மனசு கேட்காமல் பக்கத்திலேயே நான்கு பெயரையும் எழுதிவைத்தேன்: அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ். அஜ்மல் எங்கள் பாலக்காட்டுப் பையன். அவன் கோலைக் கொடுத்தது தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் கையில்.