டிராகன் தங்க நாணயத்துக்குச் சான்றிதழ் இல்லையென்றால் விலை குறையுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் நாணயச்சாலை 2012-ல் வெளியிட்ட, சீன நாட்காட்டியின் டிராகன் ஆண்டுக்கான 1 அவுன்ஸ் தங்க நாணயம் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை மட்டும்தான், பெட்டியும் சான்றிதழும் இல்லை. அதனால் தங்கத்தின் விலைகூடத் தேறாது என்கிறார் ஒரு தரகர். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுடையது முதலீட்டு நாணயம், அதாவது தங்கத்தின் மதிப்புக்காக வாங்குவது. மின்டிலிருந்து வரும்போதே அது பிளாஸ்டிக் உறையில்தான் வரும், தனிச் சான்றிதழ் கிடையாது. இல்லாத காகிதத்தைக் கேட்டு விலையை அடிப்பது தரகர்களின் பழைய வேலை.

31.1 கிராம், 9999 (அதாவது 99.99 சதவீதம்) சுத்தம். அன்றைய தங்க விலையோடு பெருக்கினால் வருவதுதான் உங்கள் அடிமட்டக் கணக்கு. நாணயத்தில் முகமதிப்பாகப் போட்டிருக்கும் 100 டாலரை மறந்துவிடுங்கள். இந்த 1 அவுன்ஸ் நாணயம் 30,000-க்கு மேல் அச்சிடப்படவில்லை, டிராகனுக்கு எப்போதும் கிராக்கியும் உண்டு. ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே கேட்கலாம். எவ்வளவு என்று தெரிய, இணைய ஏலங்களில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பின்னணி கண்ணாடிபோல் முகம் தெரிய மின்னி, டிராகன் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக இருந்தால் அது சேகரிப்பாளர்களுக்கென்று அச்சிடும் 'புரூஃப்' வகை. அதற்குத்தான் பெட்டியும் எண்ணிட்ட சான்றிதழும் வரும், அவை தொலைந்தால் விலை குறையும். சந்தேகமிருந்தால் உறையோடு வைத்து, விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். புரூஃபுக்குச் சான்றிதழ் தொலைந்தாலும் தங்கத்தின் மதிப்பு எங்கும் போகாது. சேகரிப்பாளர் தரும் கூடுதல் தொகையில்தான் அடி விழும்.

சிவப்புப் புள்ளி தெரிந்தால் போலி என்று பயமுறுத்துவார்கள். சுத்தத் தங்க நாணயங்களில் அது வரக்கூடியதுதான். துடைக்காதீர்கள், பாலிஷ் போடவே கூடாது. போலி என்றால், உள்ளே டங்ஸ்டன் என்ற மலிவான உலோகத்தை வைத்திருப்பதுதான் கவலை. அதன் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே இருப்பதால் தராசு ஏமாந்துவிடும். உறையைத் திறக்காமலே மின்கடத்துதிறனை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடைக்குப் போங்கள்.

அப்புறம், "அடுத்த டிராகன் ஆண்டில் இரட்டிப்பாகும்" என்று பேசுபவரை நம்பவேண்டாம். 2024-ல் டிராகன் வந்தது, கூடவே புது டிராகன் நாணயங்களும் வந்தன. விலையைத் தூக்குவது பெரும்பாலும் தங்கம்தான்.

விற்கும் விலையைப் பெரிதாக எழுதிவைக்கும் கடைகளில் பல, வாங்கும் விலையை மட்டும் வாயால்தான் சொல்கின்றன. இதைச் சட்டம் ஏன் இன்னும் அனுமதிக்கிறதோ! இரண்டு மூன்று கடைகளில் அவர்கள் வாங்கும் விலையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சோதனை உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும், நாணயத்தை உள்ளறைக்கு எடுத்துப்போக விடாதீர்கள்.