பழைய காற்றாலை நின்ற இடத்தில் 3 மெகாவாட் இயந்திரம் நிற்குமா?

கேள்வி: பல்லடத்தை அடுத்த கேத்தனூர் பக்கம், 1995-இல் என் தந்தையார் பெயரில் நிறுவிய 225 கிலோவாட் காற்றாலை ஒன்று எங்களுக்கு உள்ளது. இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். மின்சாரம் எங்கள் நூற்பாலைக்குப் போகிறது. இதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சுஸ்லான் நிறுவனத்தின் 3 மெகாவாட் இயந்திரத்தை நிறுத்தித் தருவதாக இடைத்தரகர் ஒருவர் விளக்கப் புத்தகத்துடன் வந்து முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இயந்திரத்தில் குறையில்லை, உங்கள் இடம் அதற்குப் போதாது.

ஒரு காற்றாலை காற்றின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டு கலங்கிய காற்றையே பின்னால் அனுப்பும் என்பதால், அடுத்த காற்றாலைக்குப் பக்கவாட்டில் விட்டத்தைப்போல் 5 மடங்கும், காற்று வீசும் திசையில் 7 மடங்கும் இடைவெளி விடுவது நம் பகுதியில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. உங்கள் 27 மீட்டர் இயந்திரத்துக்கு இது 135 மீட்டருக்கு 189 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 ஏக்கர். தரகர் காட்டுவது எஸ்144 மாதிரியாகத்தான் இருக்க வேண்டும். அதன் விட்டம் 144 மீட்டர். அதே கணக்கில் 720 மீட்டருக்கு 1,008 மீட்டர், ஏறத்தாழ 180 ஏக்கர். அவ்வளவு நிலத்தையும் நீங்கள் வாங்க வேண்டும் என்று பொருளில்லை. அந்தப் பரப்புக்குள் வேறொருவர் காற்றாலை இருக்கக் கூடாது என்று பொருள். கேத்தனூரில் உங்கள் களத்துமேட்டில் நின்று சுற்றிப் பார்த்தால் எத்தனை காற்றாலைகள் கண்ணில் படுகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

விளக்கப் புத்தகத்தைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மெகாவாட்டை முதலில் பார்க்காதீர்கள். பெயருக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். குஜராத்தில் துணித் தொழில் நடத்திய துளசி தாந்தி, மின்செலவு தாங்காமல் காற்றாலை வாங்கி, பிறகு 1995-இல் தொடங்கியதுதான் சுஸ்லான். அதன் மாதிரிகளில் எஸ் என்ற எழுத்துக்குப் பின்வரும் எண் விட்டத்தை மீட்டரில் சொல்கிறது. எஸ்88, எஸ்97, எஸ்111, எஸ்120 ஆகிய நான்கும் 2.1 மெகாவாட் இயந்திரங்களாகவே விற்கப்பட்டன. திறன் மாறவில்லை, இறக்கைதான் நீண்டது. 88 மீட்டர் வட்டத்தைவிட 120 மீட்டர் வட்டம் ஏறத்தாழ 1.9 மடங்கு காற்றைப் பிடிக்கிறது. இதனால், காற்று மெதுவாக வீசும் மாதங்களிலும் பெரிய வட்டம் யூனிட் தருகிறது.

நமக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. வைகாசியில் ஏறி, ஆடியில் உச்சம் தொட்டு, புரட்டாசியில் அடங்கிவிடுகிறது. காற்றின் வேகம் நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 5 மீட்டரானால் அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் ஓடும் இயந்திரத்தின் யூனிட் கணக்கைக் காட்டி உங்கள் ஊருக்கு வருமானம் சொல்பவர், அறிந்தோ அறியாமலோ உங்களை ஏமாற்றுகிறார். எந்த ஊரில், எந்த உயரத்தில் அளந்த காற்று என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

தரகர்களைப் பற்றி நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மின்வாரிய அனுமதி கையில் இருக்கிறது' என்று அவர்கள் காட்டும் காகிதம், பெரும்பாலும் விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே. 225 கிலோவாட்டுக்குத் தந்த இணைப்பில் அதைப்போல் 13 மடங்குக்கும் மேற்பட்ட மின்சாரத்தை ஏற்ற முடியாது. துணைமின் நிலையத்தில் இடம் வேண்டும், புதிய மின்பாதை வேண்டும். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள இறக்கை தென்னந்தோப்புகளுக்கு இடையிலான வண்டித்தடத்தில் திரும்ப வேண்டும். முன்பணம் வாங்குபவர் இவற்றில் எதற்கும் கையெழுத்திடமாட்டார். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் மாநில அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் ஒற்றைக் காற்றாலை வைத்திருப்பவர் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் முடிக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தர இன்றுவரை ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர் பிழைக்கிறார். சிறு உரிமையாளரை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வழி திறந்திருக்கிறது: அக்கம்பக்கத்துப் பழைய காற்றாலை உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் இயந்திரங்களை இறக்கிவிட்டு, பொதுவில் ஒரு பெரிய இயந்திரம் நிறுவுவது. இதில் எது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். மின்சார விதிகள் 2005-இன்படி, மின்சாரத்தைச் சொந்தப் பயன்பாடாகக் காட்ட வேண்டுமானால், பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 விழுக்காடு உரிமை இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும். காற்றாலை தந்தையார் பெயரில், ஆலை மகனின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் என்றால், வீட்டில் அது ஒரே சொத்து. சட்டத்தின் பார்வையில் ஆலைக்கு அந்தக் காற்றாலையில் ஒரு பைசா உரிமையும் இல்லை. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் இது மிகப் பரவலான நிலை. கூட்டாகச் சேரும்போது ஐந்து வீட்டில் இரண்டு வீடு இப்படி இருந்தால், மற்றவர்களின் சொந்தப் பயன்பாட்டுத் தகுதியும் ஆட்டம் காணும். தகுதி போனால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் கேட்கும். 'காகிதத்தில் பங்கு எழுதி, பிறகு திருப்பிக்கொள்ளலாம்' என்று தரகர் யோசனை சொல்வார். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். தணிக்கையில் பிடிபட்டால் கட்டப்போவது நீங்கள்தான். உங்கள் ஆலை யார் பெயரில் உள்ளது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பட்டயக் கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூட்டு அமையும்வரை இருக்கும் இயந்திரத்தைக் காப்பாற்றுங்கள். அடித்தளப் போல்ட்டுகளின் இறுக்கம், கோபுரத்தின் துரு, கியர் பாக்ஸ் எண்ணெய், இறக்கை நுனியின் தேய்மானம், கெப்பாசிட்டர் பேனல் ஆகியவற்றைப் பங்குனிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். நான் அறிந்த ஒரு காற்றாலை, தயாரித்த நிறுவனம் மூடப்பட்டதால் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை கிடைக்காமல் ஆடி மாதம் முழுவதும் நின்றது. உங்கள் இயந்திரத்துக்கான உதிரிப் பலகை இப்போது எங்கே கிடைக்கிறது என்பதை இந்த வாரமே விசாரித்து, ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.