விலை ஏறிய நகையின்மேல் வருடா வருடம் ஏறும் கடன்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஐயா, நாங்கள் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் கம்பெனியில் 32,000 சம்பளம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் 14,000 வாங்குகிறேன். மகள் ஏழாம் வகுப்பு. ஆத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கு 2020-ல் தலை தீபாவளி. அதற்காக 3 பவுன் ஆரம், சங்கிலி, நாலு வளையல் என்று என் 8 பவுன் நகையை ஒரு ஃபைனான்ஸில் அடகு வைத்து 90,000 வாங்கினோம். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் அடகுச் சீட்டை மாற்றி எழுதி, கூடவே கொஞ்சம் பணமும் வாங்கி வருகிறோம். வருடக் கடைசியில்தான் வட்டி, ஒன்றரை ரூபாய் கணக்கு. இந்த 2025-ல் கணவரின் போனஸ் 30,000-ம் தீபாவளிச் சீருக்கே போய்விட்டது. அது மொட்டை மாடி ஒழுகலுக்கு என்று வைத்திருந்த பணம். நவம்பர் 28 கெடு. "உங்கள் நகைக்கு இன்னும் 1,50,000 ரூபாய் தயார்" என்று ஃபைனான்ஸிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதை வாங்கி ஒரு லட்சத்துக்கு மொபைலிலேயே வெள்ளி வாங்கிப் போடு, மீதியில் மாடியைப் பார் என்கிறார் கொழுந்தனார். நகையை விற்கக் கூடாது என்கிறார் மாமியார். மகளுக்காக போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் மாதம் 1,500 கட்டுகிறேன், அதை மட்டும் தொடமாட்டேன். காலாண்டு விடுமுறையில் ஏற்காடு போய் 4,600 செலவானதும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏற்காட்டை முதலில் எடுத்துவிடுவோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், லேடீஸ் சீட்டில் நின்று கீழே தெரியும் சேலத்தைக் காட்டி "நம்ம வீடு எது?" என்று மகள் கேட்டதாகக் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். 4,600 ரூபாய்க்கு அது கிடைத்ததென்றால் அதற்காக ஒரு நிமிடம்கூட வருந்த வேண்டாம். உங்கள் கணக்கை ஏற்காடு கெடுக்கவில்லை. பள்ளிக் கட்டணமோ மளிகையோ கெடுக்கவில்லை. 46,000-க்குள் ஒரு குடும்பத்தை ஒழுங்காகத்தான் நடத்துகிறீர்கள், செலவைக் குறைப்பது பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கெடுப்பது நவம்பர் மாதத்து அந்த ஒரு வேலைதான். நகை திரும்புவதில்லை. வட்டி ரொக்கமாகக் கட்டப்படுவதும் இல்லை. பழைய சீட்டை முடித்துவிட்டு, வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுச் சீட்டு எழுதி, மேலே ஒரு தொகை வாங்கி வருகிறீர்கள். கையில் பணம் வருவதால் அன்றைக்கு அது கடன் மாதிரியே தெரியாது.

நீங்கள் அனுப்பிய சீட்டுகளை வைத்துத் தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன். ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 2020-ல் 90,000. 2021-ல் அதற்கு வட்டி 16,200, கையில் வாங்கியது 30,000, புதுச் சீட்டு 1,36,000. 2022-ல் வட்டி 24,500, கையில் 25,000, சீட்டு 1,85,500. 2023-ல் வட்டி 33,400, கையில் 30,000, சீட்டு 2,49,000. 2024-ல் வட்டி 44,800, கையில் 45,000, சீட்டு 3,38,700. இந்த நவம்பரில் வட்டி மட்டும் 61,000. ஆக, கடன் 4 லட்சம்.

இந்த ஐந்து வருடத்தில் உங்கள் கைக்கு உண்மையில் வந்த பணம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். 2,20,000. மீதி 1,80,000-ம் வட்டி, வட்டிக்கு வட்டி.

இத்தனை வருடம் இது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் தங்கத்தின் விலை. 2020 தீபாவளிச் சமயத்தில் பவுன் 38,000 சுமார். போன வருடம் 59,000. இந்த 2025 நவம்பரில் 92,000 பக்கம். அதே 8 பவுன்தான், ஆனால் அதன்மேல் கிடைக்கும் கடன் ஒவ்வொரு வருடமும் கூடுகிறது. விலை கூடிய லாபம் உங்களுடையது, அதை ஃபைனான்ஸ்காரர் உங்களிடமே 18 சதவீதத்துக்குக் கடனாகக் கொடுக்கிறார். அந்தக் குறுஞ்செய்தியைப் பரிசு அறிவிப்பு மாதிரி வாசித்திருக்கிறீர்கள். அதை அழித்துவிடுங்கள். அந்த 1,50,000-ஐயும் வாங்கினால் கடன் ஐந்தரை லட்சம். மாத வட்டி 8,250. அடுத்த நவம்பரில் ஆறரை லட்சத்துக்குச் சீட்டு எழுத வேண்டும், அன்றைக்கும் தங்கம் ஏறியிருந்தால்தான் அது முடியும். 2013 ஏப்ரலில் தங்கம் ஓரிரு நாளில் சரிந்தது நினைவிருக்கிறதா? அப்படி ஒரு வாரம் வந்தால் ஃபைனான்ஸிலிருந்து வரும் குறுஞ்செய்தியின் தொனியே மாறிவிடும், ஏல நோட்டீஸ்தான் வரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பின் இந்த மாதிரிக் கடனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். அடுத்த நவம்பரில் 70,000-க்கு மேல் ரொக்கமாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். எப்படியும் வரப்போகிற அந்த நாளை இந்த வருடமே எதிர்கொள்வது நல்லது, ஏனென்றால் தங்கத்தின் விலை இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.

வெள்ளியைப் பற்றி. சேலத்துக்காரர்களிடம் வெள்ளியைப் பற்றிப் பேச எனக்கே தயக்கம்தான். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்? அவர்களிடமே கேளுங்கள், விலை தாறுமாறாக ஏறினால் ஆர்டர் குறைகிறது என்பார்கள். 2025 அக்டோபரில் கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. தீபாவளி முடிந்து மாதம் திரும்புவதற்குள் 1,70,000-க்கும் கீழே வந்துவிட்டது. அதற்கு முந்தின கதை இன்னும் மோசம். 2011 ஏப்ரலில் 70,000-ஐத் தாண்டிய வெள்ளி சில வாரத்தில் மளமளவென்று இறங்கியது, மறுபடி அந்த விலையைத் தொட 2020 ஆயிற்று. உங்கள் கொழுந்தனார் சொல்கிறபடி 18 சதவீத வட்டிக்கு வாங்கி, 3 சதவீத ஜிஎஸ்டி கொடுத்து, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் தாங்கி, ஒரு வருடத்தில் வெள்ளி 22, 23 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. லாபம் அதற்கு மேல்தான். மொபைல் ஆப்பில் விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில்தான் எச்சரித்தது. ஆப்பில் விற்கும் வெள்ளியையும் அப்படியே பாருங்கள். சொந்தக் காசு உபரியாக இருப்பவர்கள் என்னவோ செய்துகொள்ளட்டும். அடகு வைத்த பணத்தில் வேண்டவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? ஆரத்தை விற்றுவிடுங்கள்.

மாமியார் வருத்தப்படுவார், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 3 பவுன் ஆரம் ஐந்து வருடமாக உங்கள் வீட்டில் இல்லை. ஃபைனான்ஸின் பெட்டியில் இருக்கும் நகைக்கு நீங்கள் இன்றைய கணக்கில் மாதம் 6,000 வாடகை கொடுக்கிறீர்கள். விற்றால் அது போய்விடும் என்பது உண்மை. விற்காவிட்டால் எட்டுப் பவுனும் போகும்.

தொடவே மாட்டேன் என்ற ஆர்டியை இதற்காகத் தொடச் சொல்கிறேன், மன்னியுங்கள். 38 மாதம் கட்டியிருக்கிறீர்கள், மூன்று வருடம் தாண்டிவிட்டதால் இடையில் முடித்துக்கொள்ளலாம். 5.8 சதவீதத்துக்குப் பதில் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் தருவார்கள், அந்த இழப்பு மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். கையில் 60,000 சுமார் வரும். ஒரு பக்கம் 18 சதவீதம் கட்டிக்கொண்டு மறுபக்கம் 5.8 சதவீதத்துக்குச் சேர்ப்பது மகளுக்கான சேமிப்பு ஆகாது. அவளுக்கு வரவேண்டிய வளையலே அதில் கரைகிறது.

கெடுவுக்கு முன்னால் 55,000-ஐ ஃபைனான்ஸில் கட்டி, கடனை 3,45,000-க்குக் கொண்டு வாருங்கள். மீதி 5 பவுன் அந்தத் தொகைக்குப் போதும், ஆரத்தை விடுவித்துத் தரச் சொல்லுங்கள். இதைப் போன வாரமே மேலாளரிடம் பேசியிருக்க வேண்டும், நாளைக்கே போய்ப் பேசுங்கள். ஆரத்தைக் கழிவு போக விற்றால் 2,60,000 வரும் என்று வையுங்கள். இரண்டு மூன்று கடையில் உருக்கிப் பார்க்கும் முன்னாலேயே விலை கேளுங்கள். "அடகு நகையை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று பலகை வைத்திருக்கும் இடங்களுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். அந்தப் பணம் அன்றைக்கே ஃபைனான்ஸுக்குப் போகட்டும். வீட்டுக்கு வந்து ஒரு இரவு தங்கினால் அதற்கு நாலு செலவு வந்து நிற்கும்.

பாக்கி 85,000. இதை அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றிவிடுங்கள், நகைக்கடன் வட்டி அங்கே 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 85,000-க்கு 2 பவுனே தாராளம். சங்கிலியும் இரண்டு வளையலும் அங்கே போகட்டும், எடை அதைவிடக் கூடவே வரும். மற்ற இரண்டு வளையல் கைக்கு ஒன்றாக வீட்டுக்கு வரும். கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்தபோது கவரிங் வளையலின் பச்சை படிந்த மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டதாக எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் எழுத எடுத்தேன்.

வங்கியில் மாதம் 5,000 கட்டுங்கள், வருடக் கடைசி என்று விடாதீர்கள். ஆர்டிக்குப் போன 1,500 இருக்கிறது. பொங்கல், தீபாவளி இரண்டுக்கும் செய்யும் சீரில் வருடம் 25,000 குறைத்தால் மாதம் 2,000 சுமார். இன்னும் 1,500 மட்டும் நீங்கள் தேட வேண்டும். ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆர்டியில் மிஞ்சும் 5,000-ல் மாடியில் தண்ணீர் இறங்கும் விரிசலை மட்டும் இப்போது அடையுங்கள், தட்டோடு பதிக்கும் வேலையை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு அடுத்த போனஸோடு சேர்த்து யோசிக்கலாம். ஈரச் சுவரில் இப்போது எதைப் பூசினாலும் நிற்காது.

இனி சீர். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "ஊர் என்ன சொல்லும்" என்று மாமியார் சொல்கிறார், "ஒரே தங்கச்சி" என்று கணவர் சொல்கிறார். நாத்தனார் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. தலை தீபாவளி ஒரு தடவைதான். அதற்குச் செய்த அளவை ஆறு வருடமாக யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சீர் வரும் தட்டுக்குப் பின்னால் அண்ணியின் 8 பவுன் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தால் எந்தத் தங்கையும் வாங்க மாட்டாள்.

இதை நீங்கள் சொல்லக் கூடாது, சொன்னால் பழி உங்கள்மேல் வந்து விழும். கணவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் போனில் அல்ல, நேரில். டிசம்பர் 3 திருக்கார்த்திகை. அண்ணன் தங்கைக்குக் கார்த்திகைச் சீர் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம்தானே. 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் ஆத்தூர் போகட்டும். பொரி, வெல்லம், அகல் விளக்கு, ஒரு புடவை, எல்லாம் இரண்டாயிரத்துக்குள். சாப்பிட்டு முடித்த பிறகு ஐந்து சீட்டையும் தங்கை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பொங்கலுக்கும் அடுத்த தீபாவளிக்கும் சேர்த்து வருடத்துக்கு 20,000, அதற்கு மேல் இல்லை என்று அங்கேயே பேசி முடிக்கட்டும். மாமியாரிடம் அவரே பிறகு சொல்லிக்கொள்ளலாம், மகள் சம்மதித்தபின் அம்மா பெரிதாக எதுவும் சொல்லமாட்டார்.

28-ஆம் தேதி ஃபைனான்ஸுக்குப் போகும்போது 2020-ல் கொடுத்த முதல் அடகுச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு நகையையும் கண்முன்னால் எடை போடச் சொல்லி, அதில் எழுதிய கிராமோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.