உடைந்ததா, உடைக்கப்பட்டதா?

கொழும்பிலுள்ள காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்து அறிக்கைகளைத் தமிழில் எழுதும் வாசகி ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறார்: “‘வாகனத்தின் கண்ணாடி உடைந்தது’ என்று நான் எழுதினால், மேலதிகாரி ‘உடைக்கப்பட்டது’ என்று திருத்துகிறார். செயப்பாட்டுவினைதான் அலுவலக நடைக்குப் பொருந்தும் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?”

ஒன்றல்ல. உங்கள் தொழிலில் இந்த வேறுபாடு இழப்பீட்டுத் தீர்மானம் வரை போகக்கூடியது. ‘உடைக்கப்பட்டது’ என்றால், பெயர் சொல்லப்படாவிட்டாலும் உடைத்தவர் ஒருவர் உண்டு என்பது பொருள். ‘உடைந்தது’ யாரையும் சுட்டுவதில்லை. ‘தானாகவே’, ‘வேண்டுமென்றே’ என்னும் இரு சொற்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ‘கண்ணாடி தானாகவே உடைந்தது’ என்கிறோம். ‘தானாகவே உடைக்கப்பட்டது’ என்பது முரண். ‘வேண்டுமென்றே உடைக்கப்பட்டது’ என்கிறோம்; ‘வேண்டுமென்றே உடைந்தது’ என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே, காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து நேர்ந்த சேதத்தை ‘உடைக்கப்பட்டது’ என்று எழுதினால், நடக்காத குற்றமொன்றை அறிக்கைக்குள் புகுத்தியதாகிவிடும். அங்கே ‘கிளை விழுந்ததால் கண்ணாடி உடைந்தது’ என்பதே சரி. மாறாக, கல்லெறிந்தவர் யாரென்று தெரியாமல் பொலிஸ் முறைப்பாட்டோடு வரும் கோப்பில் ‘உடைக்கப்பட்டது’ என்பதே வேண்டும். ‘களஞ்சியம் எரிந்தது’, ‘களஞ்சியம் எரிக்கப்பட்டது’ என்பவற்றுக்கிடையே உள்ள தூரத்தை உங்கள் மேலதிகாரியும் மறுக்கமாட்டார்.

‘உடைந்தது’ என்பது பேச்சுநடை என்ற எண்ணமும் தவறு. ‘படு’ என்னும் துணைவினை சேராத வடிவங்களுக்கும் இலக்கணத்தில் பழைய இடம் உண்டு: செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதைத் தொல்காப்பியமே வழக்கியல் மரபென ஏற்கிறது, மெழுகியவரைச் சொல்லாமல் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதை உரையாசிரியர்கள் அதற்குக் காட்டாகத் தருகிறார்கள்.

இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர் இருந்தாலே வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்கலாம் என்று பள்ளியில் படித்த விதியும் போதாது. ‘மகள் தாயை ஒத்திருக்கிறாள்’ என்பதில் ஐ உருபு இருக்கிறது. எனினும் ‘தாய் மகளால் ஒத்திருக்கப்படுகிறாள்’ என்பது தமிழாகாது, ஏனெனில் அங்கே தாய்க்கு எதுவும் நேரவில்லை. ‘கொழும்பை அடைந்தோம்’ என்பதும் அப்படியே. நாம் வந்து சேர்வதால் ஊருக்கு மாற்றமில்லை என்பதால் ‘கொழும்பு எங்களால் அடையப்பட்டது’ ஒட்டவில்லை. ஆனால் ‘இவ்வாண்டுக்கான விற்பனை இலக்கு அடையப்பட்டது’ என்பது தடையின்றி நிற்கிறது. இலக்கு முயற்சியால் நிறைவேறும் ஒன்று. வினை ஒன்றே, பொருள்தான் அனுமதிக்கிறது அல்லது மறுக்கிறது.

ஆங்கிலப் படிவங்களைத் தமிழாக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெறுபவரை எழுவாயாக்கும் ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றி, ‘வாடிக்கையாளர் இழப்பீடு வழங்கப்பட்டார்’ என்று எழுதுவோர் உண்டு. வழங்கப்படுவது இழப்பீடுதான், வாடிக்கையாளர் நான்காம் வேற்றுமையிலேயே இருக்கவேண்டும்: ‘வாடிக்கையாளருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.’